காசாலட்டுக் கன்றுகள்

புரட்டாசி முடியப் போகிற நேரம். பெரியகுளத்திலிருந்து சோத்துப்பாறை போகிற ரோட்டில், வளைவில் சிதறிக் கிடந்த ஜல்லியில் வண்டி சறுக்கிச் சுருளிராஜன் விழுந்தான். தலைக்கு ஒன்றுமில்லை. இடது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கிவிட்டது. தேனி ஆஸ்பத்திரியில் கட்டிலில் கிடந்தவன், மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, கன்றுக்குத் தண்ணி விட்டாச்சா என்பதுதான். பக்கத்தில் நின்ற நாகஜோதி, விட்டுட்டுத்தான் வந்தேன் என்றாள். யார் விட்டது, எவ்வளவு நேரம் விட்டது, கடைசிப் பாத்திக்கு எட்டியதா என்று அடுத்தடுத்துக் கேட்டான். நர்ஸ் வந்து ஊசி போட்ட பிறகுதான் வாய் ஓய்ந்தது.

அவன் அப்படிப்பட்ட ஆள். நர்சரியில் எந்த வேலையையும் யாரையும் நம்பி விட்டவனில்லை. மண் கலப்பதும் அவன்தான், ஒட்டுக்கட்டுவதும் அவன்தான், வருகிறவர்களிடம் பேசுவதும் அவன்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாகஜோதிக்கு வாய்த்தது பையில் மண் நிரப்புவது, களை பிடுங்குவது, வேலைக்கு வரும் பெண்களுக்குக் காப்பி போடுவது. ஒட்டுக்கட்ட அவளுக்கும் தெரியும். ஆள் போதாத நாட்களில் பாத்தியின் ஓரத்தில் உட்கார்ந்து கட்டியிருக்கிறாள். அவள் எழுந்து போனதும் அவன் வந்து ஒவ்வொரு கட்டையும் திருகிப் பார்ப்பான். அவிழ்த்து மறுபடியும் கட்டுவான். அது அவளுக்குத் தெரியும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

அந்த வருசம் நர்சரி நிறையக் காசாலட்டு மா ஒட்டுக்கன்றுகள். அதற்குக் காரணம் நாகஜோதி. ஆடி மாதம் அவன் கம்பத்துக்குப் போயிருந்த சமயம், ராயப்பன்பட்டியிலிருந்து கிறிஸ்டோபர் என்ற சம்சாரி வந்தார். அவருடைய திராட்சைத் தோட்டம் மூன்று வருசமாக நோய் விழுந்து பட்டுக்கொண்டே வந்தது. கொடியையெல்லாம் வெட்டிப் போட்டுவிட்டார். மா வைக்கலாம் என்று யோசனை. ஆனாலும் மனசு ஆறவில்லை. தகப்பனார் காலத்துத் தோட்டத்தை அழித்துவிட்டு வேறொன்று வைக்கிறோமே, அதுவும் பொய்த்துப்போனால் என்ன செய்வது என்று, முன்பின் தெரியாத நாகஜோதியிடம் வெகுநேரம் புலம்பினார். அவள் காப்பி கொடுத்தாள். பங்குனியில வாங்கண்ணே, உங்க தோட்டம் முழுசுக்கும் நல்ல காசாலட்டாத் தாரேன் என்று சொல்லிவிட்டாள். அவர் முகம் தெளிந்து போனார்.

சுருளிராஜன் வந்து கேள்விப்பட்டதும், யாரைக் கேட்டுச் சொன்ன என்று குதித்தான். பிறகு, எப்படியும் ஏதோ ஒன்று கட்டத்தானே போகிறோம் என்று காசாலட்டே கட்டினான்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் அவனுக்குக் கணக்கு வேறு மாதிரி ஓடத் தொடங்கியது. மழைக்காலம் வருகிறது. இளங்கன்று. தான் எழுந்து நடக்கத் தை ஆகிவிடும். அவளை நம்பி விட்டால் ஒன்றும் தேறாது. போடி பஜாரில் செடிக்கடை வைத்திருக்கிற விஜய்ராஜுக்குப் போன் போட்டு, கன்று எல்லாவற்றையும் வந்து அள்ளிக்கொண்டு போகச் சொல்லிவிட்டான். விஜய்ராஜ் மலையேற்றிக் கட்டப்பனை, நெடுங்கண்டம் பக்கம் விற்கிறவன். நல்ல பையன்தான். கேட்ட விலைக்குக் கிடைக்கிறபோது விடமாட்டான், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் டெம்போ வந்து கேட்டுக்கு முன்னால் நின்றது. நாகஜோதி கையிலிருந்த குழாயை அப்படியே பாத்தியில் போட்டுவிட்டு வந்தாள்.

"அண்ணன் சொல்லிட்டாக மதினி. நீங்க ஒண்ணும் செரமப்பட வேணாம். பயலுக ஏத்திருவாய்ங்க" என்றான் விஜய்ராஜ்.

"அண்ணன் சொல்லியிருப்பாக. நான் ராயப்பன்பட்டிக்காரருக்குத் தாரேன்னு சொல்லிட்டேனே தம்பி."

"சும்மா வாயில சொன்னதுதான மதினி. எழுதியா குடுத்தீக?"

"எழுதிக் குடுத்திருந்தா கிழிச்சுப் போட்டுறலாம். வாயில சொன்னதை என்ன பண்ண?"

விஜய்ராஜ் சிரித்துக்கொண்டே சுருளிராஜனுக்குப் போன் போட்டு அவளிடம் நீட்டினான். அந்தப் பக்கம் அவன் போட்ட சத்தம் ரோட்டோரம் பால் வாங்க நின்றவர்களுக்கே கேட்டது. அவள் காதை விட்டு நகர்த்தாமல் எல்லாவற்றையும் கேட்டாள். அவன் மூச்சு வாங்க நிறுத்தியதும், மாத்திரை சாப்பிட்டீகளா என்று கேட்டாள். அவன் திகைத்து, சாப்பிட்டேன் என்றான். சரி என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"வர்ற மழையில இதுல ஒண்ணு தேறாது மதினி. பெறகு என்னையத் தேடுவீக."

"தேடுனா நானே போடிக்கு வாரேன் தம்பி. இப்ப வண்டியைத் திருப்பு."

டெம்போ திரும்பிப் போகிற வரைக்கும் அவள் கேட்டை விட்டு நகரவில்லை. பெண்களுக்கெல்லாம் தலைமையாக வேலைக்கு வருகிற ராமுத்தாய், பாத்தியில் கிடந்த குழாயை எடுத்துத் தண்ணீர் விடத் தொடங்கினாள்.

ஐப்பசியில் முதல் பத்து நாள் மழை சொன்ன சொல் கேட்கிற பிள்ளை மாதிரி பெய்தது. சாயங்காலம் வரும், பாத்தி நனையும், போய்விடும். நாகஜோதிக்குத் தைரியம் வந்தது. பிறகு இரண்டு நாள் மழையே இல்லை. காற்றில்லை. மேகமலைப் பக்கமும் கொடைக்கானல் மலைப் பக்கமும் மேகம் அசையாமல் நின்றது. உடம்பில் புழுக்கம் ஒட்டிக்கொண்டு, தலையில் போட்டிருந்த துண்டு காயவே மாட்டேன் என்றது. மூன்றாம் நாள் மத்தியானம், பெண்கள் தூக்குவாளியைத் திறந்து மொச்சைக் குழம்புச் சோற்றில் கை வைத்த நேரம், கிழக்கே வைகை அணைப் பக்கம் வானம் கறுத்தது.

சாப்பாட்டை மூடி வைக்கக்கூட நேரமில்லை. முதலில் மண் பறந்தது. அடுத்து, கன்றுகளுக்கு மேலே இரும்புக் குழாய்க் கால்களில் இழுத்துக் கட்டியிருந்த பச்சை நிழல்வலை உப்பியது. உள்ளே காற்று புகுந்து வயிறு ஊதிய மாதிரி மேலே எழும்பி, தொப்பென்று கீழே விழுந்து, மறுபடி எழும்பியது. ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் குழாய்க் கால்கள் கிறீச்சிட்டன. பிறகு மழை கொட்டியது. நனைந்த வலை காற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் வீரணன் நர்சரி. சுருளிராஜனோடு ஒன்றாகத் தொழில் கற்றவர். அவர் ஆட்களோடு ஓடி ஓடி வலையின் ஓரத்தில் கல்மூட்டை கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். நாகஜோதியைப் பார்த்து, கயித்தைப் போட்டு இறுக்கு, விட்டுறாத என்று கத்தினார். அவளும் கயிற்றை எடுத்தாள். கட்டப்போன கால் அவள் கைக்குள்ளேயே ஆடியது. குனிந்து பார்த்தாள். அடியில் போட்டிருந்த சிமெண்டு விண்டு, கால் மண்ணோடு பெயர்ந்து வந்துகொண்டிருந்தது. அந்தக் கால் சாய்ந்தால் அடுத்தது சாயும். அத்தனை இரும்பும் அதற்குக் கீழே நிற்கிற இளங்கன்றுகள்மேல் படுக்கும்.

சுருளிராஜனுக்குப் போன் போட்டாள். செல்போன் டவர் செத்துப்போயிருந்தது. போனை இடுப்பில் செருகிக்கொண்டு, களை அறுக்கிற அரிவாளை எடுத்தாள். ஏணியைக் கொண்டுவரச் சொன்னாள். அவள் என்ன செய்யப் போகிறாள் என்று ராமுத்தாய்க்குப் புரிந்துவிட்டது.

"ஆத்தா, வலை புதுசு. அவரு வந்தா கொன்னே போட்டுருவாரு."

"கன்னு இருந்தாத்தான மதினி, அவரு வந்து நின்னு திட்டுறதுக்கும் எடம் இருக்கும். ஏணியைப் பிடிங்க."

காற்று அடிக்கிற பக்கத்திலிருந்து தொடங்கினாள். வலையைக் கம்பியோடு சேர்த்துத் தைத்திருந்த கயிறு ஒவ்வொன்றையும் அறுத்தாள். ஒவ்வொரு கயிறு அறும்போதும் வலை சாட்டைபோல் சுண்டியது. ஒரு தடவை முகத்தில் அடித்து உதடு கிழிந்தது. ராமுத்தாய் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கருப்பசாமியை ஒரு பேர் விடாமல் கூப்பிட்டாள். மற்ற பெண்கள் தாங்களாகவே அடுத்த பக்கத்துக் கயிறுகளில் அரிவாளைப் போட்டார்கள். கடைசிப் பக்கம் தானாகவே கிழிந்தது. பச்சை வலை மொத்தமும் ஒரு பெரிய பறவை மாதிரி எழுந்து, ரோட்டைத் தாண்டி, தென்னை மரங்களில் போய் விழுந்தது. குழாய்க் கால்கள் ஆட்டத்தை நிறுத்தின. கன்றுகள் மொட்டை வெளியில் மழைக்குத் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றன.

அடுத்த சிறிது நேரத்தில் வீரணன் நர்சரியில் வெடி வைத்ததுபோல் சத்தம் கேட்டது. கல்மூட்டையும் கயிறும் சேர்த்துப் பிடித்த வலை, எல்லாக் கால்களையும் பெயர்த்துக்கொண்டு ஒரேயடியாகப் படுத்துவிட்டது. ஆட்கள் வெளியே ஓடிவந்ததுதான் புண்ணியம்.

நாகஜோதிக்கு அதை நின்று பார்க்க நேரமில்லை. ரோட்டுத் தண்ணீர் கேட்டுக்குள் திரும்பியிருந்தது. பாத்திகளுக்கு அடியில் களை வராமல் விரித்திருந்த பிளாஸ்டிக் தாள், தண்ணீரைத் தொட்டிபோலத் தேக்கி வைத்திருந்தது. கடப்பாறையை எடுத்து, பாத்திக்குப் பாத்தி தாளைக் குத்தினாள். பெண்கள் மண்வெட்டியால் வாய்க்கால் இழுத்துத் தண்ணீரை ஓடைக்குத் திருப்பினார்கள். விளக்கு வைக்கிற நேரம் மழை தணிந்தபோது எல்லோரும் சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். மொச்சைக் குழம்பு மழைத்தண்ணியில் மிதந்தது. யாருக்கென்றில்லாமல் ஒருத்தி சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் நாகஜோதி தன் பாத்தியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பெண்களை அழைத்துக்கொண்டு வீரணன் நர்சரிக்குப் போனாள். அவர் கேட்டில் உட்கார்ந்திருந்தார். வளைந்த குழாய்களைத் தூக்கி, வலையை வெட்டி எடுத்து, அடியில் நசுங்காமல் கிடந்த கன்றுகளைப் பொறுக்கி நிமிர்த்தி வைத்தார்கள். அன்றும் மறுநாளும் அதே வேலை. கடைசியில் அவர் எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்க தென்னந்தோப்புல விழுந்து கெடக்கிற மட்டையெல்லாம் எடுத்துக்க, உன் கன்னுக்கு நெழல் வேணுமில்ல என்றார்.

அதுதான் வழியாக அமைந்தது. பெண்கள் மட்டையைக் கிழித்து ஊறவைத்துக் கீற்றாக முடைந்தார்கள். நின்றிருந்த குழாய்க் கால்களின் மேல் அதைப் பரப்பினார்கள். வெயில் கொஞ்சமாக உள்ளே இறங்கியது, காற்று தடங்கலில்லாமல் போனது, மழை ஓங்கி அடிக்காமல் சொட்டாக விழுந்தது. வலை அறுபட்ட சேதி எப்படியோ ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. சுருளிராஜன் போன் போடவில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்குப் பாரம் குறைந்திருக்கும். அவள் போன் போட்டாலும், ம் என்பதோடு வைத்துவிட்டான்.

கார்த்திகை வேறு விதமாகச் சோதித்தது. காற்று இல்லை, இடி இல்லை. விடாத தூறல். மலை எங்கே இருக்கிறதென்றே ஒரு வாரமாகத் தெரியவில்லை. பையிலிருந்த மண் ஈரம் வடியாமல் சேறாகவே கிடந்தது. ஒட்டுக்கட்டிய இடத்துக்குக் கீழே தண்டு கறுக்கத் தொடங்கியது. ஒரு பாத்தியில் நாலைந்து, மறுநாள் பத்துப் பதினைந்து. நாகஜோதி மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துத் தெளித்தாள். மழை கழுவிவிட்டது. மறுபடி தெளித்தாள். செத்ததைப் பிடுங்கி மூலையில் குவித்தாள். குவியல் வளர்ந்தது.

அந்தச் சமயத்தில் கிறிஸ்டோபர் வந்தார். புயல் சேதி கேட்டு வந்திருக்கிறார். குவியலைத்தான் முதலில் பார்த்தார். அவர் சொல்லப் போவதை அவரே சொல்லட்டும் என்று நாகஜோதி நின்றாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கிப் பாத்தி பாத்தியாகப் போனார். திரும்பி வந்து, இதுக்கு இப்ப என்னத்தா வேணும் என்று கேட்டார்.

"மழையை நிறுத்த நம்மளால ஆகாதுண்ணே. தரையை விட்டுத் தூக்கி வைக்கணும். அடியில தண்ணி வடிஞ்சா பொழைச்சுக்கிரும். இம்புட்டுக் கன்னையும் எதுமேல தூக்கி வைக்கிறதுன்னுதான் முழிக்கேன்."

அவர் வானத்தைப் பார்த்தார். கன்றைப் பார்த்தார். "எங்கிட்டக் கல்லுத்தூணு கெடக்குத்தா. பந்தல் பிரிச்சது. பாத்துப் பாத்து வயிறு எரியுதுன்னு எம் பொண்டாட்டி ஏஞ்சல் அதை விக்கச் சொல்லிக்கிட்டேயிருக்கா. ஆகுமா?"

திராட்சைப் பந்தலைத் தாங்கிய கல்தூண்கள் டிராக்டரில் வந்து இறங்கின. ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு மேல். பெண்களும் டிராக்டரில் வந்த ஆட்களுமாகப் புரட்டிப் புரட்டிப் பாத்தியில் வரிசையாகப் படுக்க வைத்தார்கள். ஒவ்வொரு பையாக எடுத்து, அடியில் கம்பியால் ஓட்டை போட்டு, கல்லின் மேல் நிறுத்தினார்கள். இடுப்பு ஒடிகிற வேலை. நாகஜோதி வீட்டில் உலை அணையவேயில்லை. கேப்பைக்களி, கருவாட்டுக் குழம்பு, சுடச்சுடக் கட்டன்காப்பி. வேலை முடிந்த அன்றைக்குச் சாயங்காலம் கல்லுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தாள். தண்ணீர் சலசலவென்று ஓடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. பையின் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்தது. அந்த வாரம் குவியல் வளரவில்லை.

சுருளிராஜனை ஆட்டோவில் கூட்டிவந்தபோது கார்த்திகை தீபம் முடிந்திருந்தது. காலைத் தரையில் ஊன்றக் கூடாது. கட்டிலை நர்சரிக்குள்ளேயே போடச் சொன்னான். போட்டார்கள். அவன் கண் நாலாபக்கமும் போயிற்று. வலை இருந்த இடத்தில் கீற்று. தரை இருந்த இடத்தில் கல். மூலையில் செத்த கன்றுக் குவியல். வாய் வரைக்கும் வந்ததை அடக்கிக்கொண்டு, ஒரு கன்னை எடுத்துட்டு வா என்றான்.

நாகஜோதி தேர்ந்தெடுக்கவில்லை. கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்தாள். அவன் ஒட்டுக்கட்டைச் சுற்றியிருந்த நாடாவை மெதுவாகப் பிரித்தான். அடிச்செடியும் மேல்குச்சியும் எங்கே சேர்ந்தன என்று தெரியாதபடி மூடி ஒட்டியிருந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். இன்னொன்று கேட்டான். அதையும் பிரித்தான். மூன்றாவதைக் கேட்டபோது அவள், எல்லாத்தையும் அவுத்துப் பாக்கப் போறீகளா என்றாள்.

அவன் கன்றைக் கட்டிலுக்கடியில் வைத்தான். "மயில்துத்தம் எம்புட்டுப் போட்ட?" என்று கேட்டான்.

அவள் அளவைச் சொன்னாள்.

"சரிதான்" என்றான். பிறகு, "அன்னைக்கு வலையை நான் இருந்தா அறுத்திருக்க மாட்டேன். கட்டித்தான் பாத்திருப்பேன். வீரணன் மாதிரி" என்றான்.

நாகஜோதி அடுப்படிக்குப் போய்க் காரணமில்லாமல் ஒரு பாத்திரத்தை விளக்கினாள். கண் கரித்தது. விறகு ஈரம் என்று அங்கிருந்த ராமுத்தாயிடம் சொன்னாள். அடுப்பே எரியவில்லை என்பதை ராமுத்தாய் எடுத்துச் சொல்லவில்லை.

சும்மா கிடக்க அவனால் முடியவில்லை. கட்டிலில் இருந்துகொண்டே, அந்தப் பக்கம் தண்ணி போகலை, இந்தப் பக்கம் கீத்து விலகியிருக்கு என்று பெண்களை விரட்டினான். இரண்டு நாள் பார்த்தாள் நாகஜோதி. மூன்றாம் நாள் காலையில் செம்மண்ணும் மணலும் தொழு உரமும் கலந்த குவியலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொட்டச் சொன்னாள். ஒரு கட்டு வெறும் பையை அவன் மடியில் வைத்தாள்.

"இது எதுக்கு?"

"அடுத்த வருசக் கொட்டை போடப் பை வேணுமில்ல. ரொப்புங்க."

"நானா?"

"இங்கன வேற யாரு சும்மா இருக்காக?"

பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்தார்கள். அவன் முறைத்தான். பிறகு ஒரு பையைப் பிரித்து மண்ணை அள்ளினான். அவன் நிரப்பிய முதல் பை கோணலாக நின்று சாய்ந்தது. ராமுத்தாய் வந்து, அடியில நல்லா இடிச்சு விடணும் தம்பி என்று சொல்லிக் கொடுத்தாள். சாயங்காலம் பைகளை வரிசையாக அடுக்கிவிட்டு, விரலை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டு, தெனம் இம்புட்டா ரொப்புவீக என்று ராமுத்தாயிடம் கேட்டான். இதுக்கு மேலேயும் என்றாள் அவள்.

மார்கழி போய்த் தை வந்தது. மழை விட்டது. பெரியகுளம் சுற்றுவட்டாரத் தோப்புகளிலெல்லாம் மா பூத்து, காலையில் ரோட்டில் போனாலே வாசனை முகத்தில் ஒட்டியது. நர்சரிக் கன்றுகள் மட்டும் அசையவில்லை. செத்தும் போகவில்லை, துளிர்க்கவும் இல்லை. குளிரில் சுருண்ட நாலு பழைய இலையோடு குச்சி குச்சியாக நின்றன. பொங்கல் கழிந்து எட்டிப் பார்த்த கிறிஸ்டோபர், காப்பியைக் குடித்துவிட்டு, பாத்திப் பக்கம் போகாமலே கிளம்பினார். அதுதான் நாகஜோதியைக் கலக்கியது. இலை விடாத கன்றை யார் கொண்டுபோய் நடுவார்கள்? யூரியா கரைத்து ஊற்றிக் கிளப்பலாமா என்று சுருளிராஜன் கேட்டான். சொல்லவில்லை, கேட்டான். அவள் யோசித்துவிட்டு வேண்டாம் என்றாள். பட்ட அடிக்கு வேர் இப்போதுதான் தெளிந்துகொண்டிருக்கும், விரட்டக் கூடாது. கீற்றை மட்டும் நாளுக்கொரு வரிசையாக விலக்கி, காலை வெயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டாள்.

மாசி பிறந்து ஒரு வாரம் இருக்கும். காலையில் முதலில் வந்த ராமுத்தாய் கேட்டிலிருந்தே கூப்பிட்டாள். நாகஜோதி பல் விளக்குகிற வாயோடு ஓடினாள். ஓரப் பாத்தியில் ஒரு கன்றின் நுனி, நெல் பருமனுக்கு உப்பியிருந்தது. பக்கத்துக் கன்றில் அது வெடித்து, உள்ளே செந்நிறமாக ஏதோ எட்டிப் பார்த்தது. இருவரும் குனிந்தபடியே வரிசை வரிசையாக நடந்தார்கள். ஒன்றில்லை, இரண்டில்லை. எல்லாவற்றிலும்.

அதற்கப்புறம் தினம் தினம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. ஒரு வாரத்தில் துளிர் விரல் நீளம் வந்தது. இரண்டாம் வாரம், தேய்த்து வைத்த செம்புப் பாத்திரத்தின் நிறத்தில், வழவழவென்று, தொட்டால் துணி மாதிரி துவளுகிற இலைக்கொத்து ஒவ்வொரு கன்றின் தலையிலும் நின்றது. வெயில் சாய்ந்து விழும்போது நர்சரி மொத்தமும் தகதகத்தது. ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது, உண்மைதான். மீதி இரண்டு பங்கும், சுருளிராஜன் வாயாலேயே சொன்னபடி, அவன் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து பார்த்திராத கன்று. அத்தனை மழையையும் குடித்து நின்ற வேர் பையை முட்டிக்கொண்டிருந்தது.

விஜய்ராஜ் வந்தான். அந்த வருசம் பல நர்சரிகளில் கன்று மழையில் போய்விட்டது. மலைக்கு மேலே கேட்கிறார்கள், கொடுக்கச் சரக்கில்லை. வந்தவன் நேராகச் சுருளிராஜன் கட்டிலில் உட்கார்ந்து, கால் எப்படியிருக்கிறது என்பதில் தொடங்கி ஊர்ப்பட்ட பேச்சுப் பேசினான். கடைசியில் விசயத்துக்கு வந்தான். சுருளிராஜன் மண்ணை இடித்து இடித்துப் பை நிரப்பிக்கொண்டேயிருந்தான்.

"நான் இங்கன மண்ணு அள்ளுற ஆளு தம்பி. ஏவாரம் எல்லாம் அங்கன" என்று தாடையால் காட்டினான்.

விஜய்ராஜ் எழுந்து போய், மதினி என்று இழுத்தான். நாகஜோதிக்கு அவனை மடக்கிப் பேச நிறைய இருந்தது. ஒன்றையும் பேசவில்லை. ராயப்பன்பட்டிக்குப் போனதுபோக மீதி இருந்தால் அவனுக்குத்தான், ஆனால் அவள் சொல்கிற விலை என்றாள். அவன் ஒத்துக்கொண்டான். போகும்போது, அன்னைக்கு அள்ளிட்டுப் போயிருந்தா எங்கிட்ட மழையிலயே போயிருக்கும் மதினி என்று அவனே சொன்னான்.

பங்குனியில் கிறிஸ்டோபர் லாரி அனுப்பினார். ஏற்றி முடித்ததும் நாகஜோதி, நானும் போயிட்டு வாரேன் என்று டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். ராமுத்தாயும் பெண்களும் பின்னால் வேனில் வந்தார்கள். இத்தனை வருசத்தில் எத்தனையோ வண்டிக் கன்று கேட்டைத் தாண்டிப் போயிருக்கிறது. அது எங்கே போய் நிற்கிறது என்று அவள் ஒரு தடவையும் பார்த்ததில்லை. தேனி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று வண்டி போகப் போக, வாய்க்கால் ஓரம் நெல் பச்சையும், இரண்டு பக்கமும் மலையும், அவள் முகத்தில் காற்றும்.

ராயப்பன்பட்டியில் குழி தயாராக இருந்தது. கிறிஸ்டோபர் சம்சாரம் ஏஞ்சல் வரப்பில் நின்று, வருகிற கன்றுகளைப் பார்த்துக் கையைக் கூப்பினாள். இம்புட்டு நாளா மொட்டைத் தரையைப் பாத்தே செத்தேன் என்றாள். முதல் கன்றை நாகஜோதியே வைக்க வேண்டும் என்றார்கள். அவள் பையைக் கிழித்து, மண் உதிராமல் இரண்டு கையாலும் தாங்கிக் குழியில் இறக்கினாள். ஒட்டின இடம் மண்ணுக்கு மேலே நிற்கிறதா என்று பார்த்து மிதித்துவிட்டாள். பிறகு பெண்கள் ஆளுக்கொரு வரிசை பிடித்தார்கள். கூலிக்கு வந்தவர்களைக் கரையில் உட்காரச் சொல்லிவிட்டு அவர்களே நட்டார்கள். தாங்கள் கையால் தூக்கிக் கல்லில் வைத்த கன்றை வேறொருவர் கையில் கொடுக்க ராமுத்தாய்க்கு மனசு வரவில்லை.

பொழுது சாய நட்டு முடிந்தது. பம்புசெட்டுத் தொட்டியில் கைகால் கழுவி, ஏஞ்சல் ஆக்கிய கோழிக்குழம்பை வரப்பிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நாகஜோதி கையைக் கழுவிக்கொண்டு தனியாகத் தோட்டத்துக்குள் நடந்தாள். ஒரு கோடியிலிருந்து மறு கோடி மலையடிவாரம் வரைக்கும் செம்பு நிறத் தலைகள் நேர் வரிசையில் நின்றன. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் கன்று. நடுவில் நின்று, இடுப்பில் கைவைத்து, வாய் விட்டுச் சிரித்தாள். கேட்க ஆளில்லை.

போன் அடித்தது. சுருளிராஜன். எல்லாம் நல்லபடியா எறங்குச்சா என்று கேட்டான்.

"எறக்கி நட்டும் ஆச்சு. ஒண்ணு சாயலை. இங்கன பக்கத்துத் தோட்டத்துக்காரவுக ரெண்டு பேரு கேட்டாக. அடுத்த பங்குனிக்குத் தாரேன்னு சொல்லிட்டேன்."

யாரைக் கேட்டுச் சொன்ன என்று அவன் கேட்கிறானா என்று காத்திருந்தாள். கேட்கவில்லை.

"அப்ப ஆனிக்கு ரெண்டு பங்கு கொட்டை வேணும்" என்றான்.

"மூணு பங்கு."

"அம்புட்டுக்கும் பை?"

"ரொப்புங்க."

அவன் சிரிக்கிற சத்தம் கேட்டது. "சரி, வெரசா வந்து சேரு. நாளைக்கு என்ன வேலைன்னு சொல்ல இங்கன ஆளில்லை."

வரப்பிலிருந்து பெண்கள் நேரமாச்சு என்று கூப்பிட்டார்கள். நாகஜோதி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கன்றுகளுக்கு நடுவே எட்டி எட்டி நடந்தாள்.